கங்காணிக்கு என்ன கலர்?

“நல்லவனா, கெட்டவனா? அதை மொதல்ல சொல்லுங்க. அப்புறந்தான் மூஞ்சியில கை வெப்பேன்” என்றார் மேக்கப் நாச்சிமுத்து.

தங்கையா கையிலிருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே மாரியம்மன் கோயில் மைதானத்தில் பாய் விரித்து இடம் பிடிக்கிற சண்டை ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நாடகம். எழுதியவனும் அவன்தான், கதாநாயகன் வேஷம் கட்டுகிறவனும் அவன்தான். அது கதாநாயகனா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

“ஏனுங்க தம்பி, எங்க தொழில்ல ரெண்டே டப்பாதானுங்க. நல்லவனுக்கு ரோஸ், கெட்டவனுக்குச் செவப்பு. நீங்க எந்த டப்பா?”

“நான் கங்காணிங்க.”

“அது உத்தியோகமுங்க. நான் கொணத்தைக் கேக்கறேன்.”

அதைத்தான் அந்தத் தோட்டமே ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டிப்போய், அங்கே அவர்களை மேய்த்தவர் பெரிய கங்காணி. அப்படிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான், இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில் கப்பலேறித் திரும்பி வந்து, நீலகிரியில் அரவேணுவுக்கு மேலே இந்தத் தோட்டத்து லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், குடியிருந்தார்கள். கண்டதாகச் சொல்லிக்கொண்ட ஒருவரைத் தவிர, பெரிய கங்காணியைக் கண்ணால் கண்டவர் அவர்களில் யாரும் இல்லை. அதனால் அவரைப் பற்றி எல்லோருக்கும் உறுதியான அபிப்பிராயம் இருந்தது.

தங்கையாவின் அக்கா வீரம்மாவுக்கு எல்லோரையும்விட உறுதியாக இருந்தது. தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்களுக்கெல்லாம் அவள் சொன்னதுதான் சட்டம்.

“நம்ம தாத்தனைக் கட்டி வச்சு ஒதைச்சவன்டா கங்காணி. அவனை நல்லவனாக் காட்டினே, நாங்க எல்லாரும் பாயைச் சுருட்டிக்கிட்டுப் போயிருவோம். அப்பறம் எங்கிட்ட சோறு கேட்டு வந்துறாதே.”

சோறு மட்டும் என்றால் தங்கையா எப்படியோ சமாளித்திருப்பான். எதிர்க்கட்சியில் ராஜரத்தினம் இருந்தார். எதிர்க்கட்சி அவர் ஒருவர்தான். ஆனால் அவருக்கு அன்னக்கிளி என்று ஒரு மகள் இருந்தாள்.

கப்பலில் வந்தவர்கள் எல்லோருக்கும் இலங்கையில் ஏதாவது ஒன்று பெரிதாக இருந்தது. ஒருவருக்குப் பசுமாடு, இன்னொருவருக்கு ரேடியோ. ராஜரத்தினத்துக்கு அப்பா. அவர் பெரிய கங்காணியாம். அப்பாவுடைய கறுப்புக் கோட்டும் நீளக் காம்புக் குடையும்தான் ராஜரத்தினம் கொண்டுவந்த சீதனம். இப்போது கொழுந்துக் கொட்டகைக்கு வாட்ச்மேன் வேலை பார்த்தாலும் அந்தக் கோட்டைக் கழற்றாமல்தான் பார்த்தார்.

தங்கையா பெண் கேட்டுப் போனபோது அவர் சொன்ன பதில் இதுதான்.

“கங்காணியை நீ நாடகத்துல எப்படிக் காட்டுறேன்னு பாக்குறேன். அதுக்குப் பொறகு பொண்ணைப் பத்திக் கதைப்போம்.”

சொன்னதோடு விடாமல் கோட்டையும் குடையையும் இரவல் கொடுத்தார். குடை பிடிக்கக்கூடச் சொல்லிக்கொடுத்தார்.

“கண்ட பயலுக மாதிரி தலைக்கு மேல புடிக்கக்கூடாது. கையை நல்லா முன்னால நீட்டி, ஒசத்திப் புடிக்கணும். எங்கப்பா அப்படித்தான் புடிப்பாரு.”

“மழை வந்தா நனைஞ்சுருவாரே மாமா?”

“நனைவாரு. அதுதான் கம்பீரம்.”

ராஜரத்தினமும் நீலகிரி மழையில் அப்படியேதான் குடை பிடித்து நடப்பார். வருஷம் பூராவும் ஜலதோஷம். பரம்பரைக் கம்பீரம் என்றால் சும்மாவா.

அன்னக்கிளியிடம் யோசனை கேட்டதற்கு அவள் கூடையை இறக்கி வைக்காமலே சொன்னாள். “எங்கப்பாவுக்கு அந்தக் கோட்டுக்குள்ள இருக்குற மட்டும் காது கேக்காது. நீங்க மேடையில ஒளறாம இருங்க, அது போதும்.”

இந்த நிலையில்தான் நாச்சிமுத்து இரண்டு டப்பாவையும் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். தங்கையா வேறு வழியில்லாமல் பள்ளிக்கூடத்து மோசஸ் வாத்தியாரைக் கூப்பிட்டு அனுப்பினான். அதற்குப் பதில் அவன் தானே ஏதாவது ஒரு டப்பாவில் கையை விட்டிருக்கலாம்.

மோசஸ் வாத்தியார் ஒரு பாத்திரத்தை ஆராய வேண்டும் என்றால் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு வருவார். மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார்.

“தங்கையா, கங்காணிய வெள்ளைக்காரத் தொரை அதட்டறான். கங்காணி ஆளுகளை அதட்டறான். அப்ப அவன் அடிக்கிறவனா, அடி வாங்கறவனா? ரெண்டுந்தான். பசிச்சுக் கெடந்தவங்களுக்கு வேலை காட்டுனான், அது நன்மை. காட்டுன எடத்துலயே கட்டிப்போட்டான், அது தீமை. ஆக, அவன் நல்லவனுமில்லே, கெட்டவனுமில்லே. காலத்தின் கைதி.”

நாச்சிமுத்து பொறுமையாகக் கேட்டார். “சரிங்க வாத்தியாரே. காலத்தின் கைதிக்கு என்ன கலருங்க?”

வாத்தியாரிடம் அதற்குப் பதில் இல்லை. ஆனால் பதில் இல்லாத இடத்தில்தான் அவருக்கு யோசனை வரும்.

“பாதிப் பாதி போட்டுருங்க.”

பெண்கள் பாய் விரித்திருப்பது மேடையிலிருந்து பார்த்தால் வலது பக்கம். ராஜரத்தினம் நாற்காலி போட்டிருப்பது இடது பக்கம். எனவே வலது கன்னத்துக்குச் சிவப்பு, இடது கன்னத்துக்கு ரோஸ். அவரவர்க்கு வேண்டிய கங்காணியை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். அரசியலில் இருக்க வேண்டிய வாத்தியார், பாவம், ஐந்தாம் வகுப்பில் கிடந்தார்.

நாச்சிமுத்து பூசிக்கொண்டிருந்தபோது கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஆண்டி. போன வாரம்தான் இலங்கையிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்து சேர்ந்தவர். குளிர் இன்னும் பழகவில்லை.

“தம்பி, நாடகத்துல பெரிய கங்காணி வருவாராமே. சின்னப் பயலா இருக்கையில பாத்தது. இன்னொருக்காப் பாத்துட்டுப் படுத்துக்கிறலாம்னு வந்தேன்.”

“வருவாரு, வருவாரு. போய் முன்னால உக்காருங்க. இங்க ஆராய்ச்சி நடக்குது” என்று மோசஸ் வாத்தியார் அவரை வெளியே அனுப்பினார்.

திரை தூக்கினார்கள்.

முதல் காட்சியில் கங்காணி ஆட்களைக் கப்பலுக்குக் கூட்டிப்போக வேண்டும். தங்கையா கோட்டோடும் நீட்டிப் பிடித்த குடையோடும் வலது கோடியிலிருந்து இடது கோடிக்கு நடந்தான். அப்படி நடந்தால் மைதானம் மொத்தத்துக்கும் சிவப்புக் கன்னம் மட்டுமே தெரியும் என்பதை ஆராய்ச்சியில் யாரும் கவனிக்கவில்லை.

“அப்பிடிப் போடு. பாவிப்பய மூஞ்சியப் பாரு” என்று வீரம்மா தொடையில் தட்டினாள்.

நாற்காலியில் ராஜரத்தினம் எழுந்து நின்றுவிட்டார்.

இலங்கைக்குப் போய்க்கொண்டிருந்த கங்காணி சட்டென்று திரும்பி ஊருக்கே நடந்தான். இப்போது எல்லோருக்கும் ரோஸ் கன்னம் தெரிந்தது. ராஜரத்தினம் உட்கார்ந்தார். பெண்கள் எழுந்தார்கள்.

“என்னடா, அதுக்குள்ள நல்லவனாயிட்டான்?” என்று வீரம்மா கத்தினாள். இரண்டு பேர் பாயைச் சுருட்டவே ஆரம்பித்துவிட்டார்கள்.

கங்காணி மறுபடியும் இலங்கைப் பக்கம் திரும்பினான். ராஜரத்தினம் எழுந்தார். ஊர்ப் பக்கம் திரும்பினான். பெண்கள் எழுந்தார்கள். பின்னால் வந்த கூலிக்காரர்கள், ஏற வேண்டிய கப்பல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள்.

“நேரா நில்லுடா, நேரா நில்லு” என்று திரைக்குப் பின்னாலிருந்து வாத்தியார் தவித்தார்.

தங்கையா நேராக நின்றான். அப்போதுதான் தூறல் பிடித்தது.

குடை இருந்தது. பிரமாதமான குடை. அது ராஜரத்தினம் கற்றுக்கொடுத்தபடி கம்பீரமாக முன்னால் நீண்டு, ஆளே இல்லாத இடத்துக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. மழை முழுக்கத் தங்கையாவின் முகத்தில் இறங்கியது. ரோஸ் சிவப்பில் வழிந்தது, சிவப்பு மீசைமையோடு சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கங்காணியின் முகம் கழுவாத கொழுந்துச் சாக்கின் நிறத்துக்கு வந்துவிட்டது.

“இதுதான், இதுதான் காலத்தின் கைதி” என்று வாத்தியார் பூரித்துப்போனார்.

வேறு யாரும் பூரிக்கவில்லை. கங்காணியை மறைக்கப் பார்க்கிறான் என்று பெண்கள் கூச்சல் போட்டார்கள். ராஜரத்தினம் மேடைக்கே ஏறி வந்துவிட்டார்.

“எங்கப்பா மூஞ்சியில சேத்தைப் பூசிட்டியேடா.”

“மாமா, மழைதான் மாமா...”

“மாமான்னு சொல்லாதே.”

குடையைத் தங்கையாவின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். பழக்கதோஷம், கை தானாக முன்னால் நீண்டது. தூறல் அவர் வழுக்கைமேல் விழ, மைதானத்தைப் பார்த்து நின்றார். தங்கையா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். கண்ணில் வழிந்தது மழையா மையா என்று அவனுக்கே தெரியவில்லை. அன்னக்கிளி கூட்டத்திலிருந்து எழுந்து மேடையோரத்துக்கு வந்துவிட்டாள்.

“எல்லாரும் கேட்டுக்கங்க” என்றார் ராஜரத்தினம். “கங்காணி ரத்தம் வேற, கூலிக்கார ரத்தம் வேற. இந்தப் பயலுக்கு எம் பொண்ணு கிடையாது. கங்காணி வீட்டுப் பொண்ணு கூலிக்காரன் லயத்துக்கு வாழ வராது.”

தம்பிக்குச் சோறு போட மாட்டேன் என்று சொன்ன வீரம்மா, இப்போது முந்தானையைக் கடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

முன்வரிசையில் ஆண்டி கம்பளியை விலக்கிக்கொண்டு எழுந்தார். மேடையில் நனைந்துகொண்டு நின்ற ராஜரத்தினத்தையும், நீண்டிருந்த கையையும், குடைக்குக் கீழே காலியாக இருந்த இடத்தையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு மோசஸ் வாத்தியார் பக்கம் திரும்பினார்.

“எங்க தோட்டத்துலயும் இதே மாதிரிதான் வாத்தியாரே, குடைக்காரன் கையை நீட்டிப் புடிச்சுக்கிட்டு, நனைஞ்சுக்கிட்டே பின்னால வருவான், இங்க குடைக்காரங்க ரெண்டு பேரு வந்தாச்சு, கங்காணி எப்பங்க வருவாரு?”