ஜாடி அண்ணனும் டீசல் வாசனையும்

உலகத்தில் உள்ள எந்தப் பொருளையும் பீங்கானில் செய்துவிடலாம் என்று மனதார நம்பிய மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் விருத்தாசலத்தில் இருந்தார். அவருக்குப் பக்கத்து வீட்டில் நான் குடியிருந்தேன். முதல் இரண்டும் ஊர் அறிந்த விஷயம். மூன்றாவது என் தலையெழுத்து.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது, ரேஷன் கார்டில். தெருவில் எல்லாருக்கும் அவர் ஜாடி அண்ணன்தான். செராமிக் எஸ்டேட்டில் ஊறுகாய் ஜாடி செய்யும் பட்டறை வைத்திருந்தார். அறுபதைத் தொட்டதும் பட்டறையை மருமகன் கையில் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்தார். சும்மா இருக்கத் தெரிந்தவராக இருந்திருந்தால் தெரு பிழைத்திருக்கும். அவர் வீட்டு கேட்டின் கொண்டி பீங்கான். சாவிக்கொத்தில் தொங்குகிற வளையம் பீங்கான். ஒருமுறை பீங்கானில் செருப்பு செய்து மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனார். போகும்போது தெருவில் குதிரை போவது மாதிரி சத்தம் கேட்டது. வரும்போது வெறுங்காலோடு வந்தார். பாலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. நக்கிப் பார்ப்பது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இதை விட்டால் கதை நகராது. பீங்கான் சரக்கை முதல் தடவை சூளையில் சுட்டு எடுத்து, மேலே பளபளப்புப் பூச்சு ஏற்றாமல் வைத்திருந்தால் அதற்கு பிஸ்கட் என்று பெயர். மண்பானை மாதிரி அது ஈரத்தைக் கண்டால் உறிஞ்சும். நாக்கை வைத்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நன்றாக வெந்த சரக்கில் ஒட்டாது. சரக்கு எந்தப் பதத்தில் இருக்கிறது என்று பார்க்க அந்தத் தொழிலில் இருப்பவர்கள் நாக்கை நீட்டுவது சகஜம். பட்டறைக்குள் செய்தால் தொழில். ஜாடி அண்ணன் கல்யாண வீட்டிலும் செய்தார். காபியைக் குடித்துவிட்டு, கப்பைக் கவிழ்த்து, அடியில் பூச்சு இல்லாத வளையத்தில் நாக்கை வைத்து, கண்ணை மூடி யோசித்து, "வேகல" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார். சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தியது நான்தான். எல்லாவற்றுக்கும் நான்தான்.

அவருடைய மனைவி மல்லிகா அக்கா, இப்படிப்பட்ட மனிதரோடு குடித்தனம் நடத்தியும் நிதானம் தவறாதவர். அவருக்கு ஒரே ஒரு கஷ்டம், வண்டி வாசனை ஆகாது. டீசல் நெடி மூக்கில் ஏறினால் பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். காரிலும் அதே கதைதான். ரயில் ஒத்துக்கொள்ளும். எங்கள் ஜங்ஷனில் நாலு திசைக்கும் ரயில் உண்டு. ஆனால் அவர் போக வேண்டிய ஊர் வால்பாறை. மலை மேல் ரயில் ஏறாது. அவருடைய ஒரே தங்கை அங்கே தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர், இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவரால் இறங்கி வர முடியாது, இவரால் ஏறிப் போக முடியாது. சாயங்காலம் ஆனால் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் பேசுவார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் மூக்கைச் சிந்துகிற சத்தம் என் வீட்டுச் சமையலறை வரைக்கும் கேட்கும்.

இந்த அழுகையைக் கேட்கச் சகிக்காமல்தான் ஜாடி அண்ணன் வேன் வாங்கினார். யாரோ வெளிநாட்டுக்காரர்கள் வேனுக்குள்ளேயே சமைத்து, படுத்து, ஊர் ஊராகச் சுற்றுவதைப் போனில் பார்த்திருக்கிறார். சேத்தியாத்தோப்புப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஏற்றி ஓய்ந்துபோன ஒரு மஞ்சள் வேனை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

"இத கேம்பர் வேனா மாத்தப்போறேன் சார். மல்லிகா மல்லாக்கப் படுத்துக்கிட்டே வால்பாற போவப்போறா."

"வண்டி மலை ஏறுமா அண்ணே?"

"வண்டி ஏறும். நீங்க கொஞ்சம் நல்ல வார்த்தயா பேசுங்க."

சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு கட்டில். ஜன்னலுக்குத் திரை. மூலையில் பீங்கான் வாஷ்பேசின், மறைப்புக்குப் பின்னால் அவரே அச்சு எடுத்து வார்த்த பீங்கான் கழிப்பறை. கியர் கம்பியின் தலையில் ரோஜாப்பூ போட்ட பீங்கான் குமிழ். எல்லாவற்றையும்விட அவர் பெருமைப்பட்டது தரையைப் பார்த்துத்தான். முழுக்க பிஸ்கட் ஓடு. பூச்சு ஓடு போட்டால் மல்லிகா அக்காவுக்குக் கால் வழுக்கிவிடும், இது வழுக்காது. மதியம் தண்ணீர் தெளித்தால் பானைத் தண்ணீர் மாதிரி உள்ளே குளிரும். ஒவ்வொரு ஓடாக நக்கிப் பார்த்துப் பொறுக்கியது என்று சொன்னார். அதன் பிறகு நான் அந்த வேனில் செருப்பைக் கழற்றாமல் ஏறினேன்.

வெள்ளோட்டம் வேப்பூர் வரைக்கும். உடன் யார் போனது என்று சொல்ல வேண்டியதில்லை. டீசல் முள் முக்கால் டேங்க் காட்டிக்கொண்டே இருந்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அது முக்காலில்தான் இருந்தது என்பதை வண்டி நின்ற பிறகுதான் அண்ணன் சொன்னார். கழிப்பறைக்குக் காவலாக அவர் இருந்துகொண்டார். நான் வெயிலில் நடந்து போய்க் கேனில் டீசல் வாங்கி வந்தேன். கொஞ்சம் டேங்கில் ஊற்றிவிட்டு மிச்சத்தை அவசரத்துக்கு ஆகும் என்று கட்டிலுக்கு அடியில் வைத்தார். திரும்பி வரும் வழியில் ஒரு வேகத்தடையை அவர் கவனிக்கவில்லை. பின்னால் டொம் என்று சத்தம் கேட்டது. பீங்கான் ஏதாவது போய்விட்டதோ என்று அவர் பதறியதில் இரண்டு பேருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால், கேன் மூடி கழன்று சாய்ந்து கிடக்கிறது. தரையில் ஒரு துளி இல்லை.

"பாத்தீங்களா சார், ஒரு சொட்டு சிந்தல. கேன்ல ஒண்ணுமே மிச்சம் இல்ல போல."

"பாதிக்கு மேல இருந்த மாதிரி ஞாபகம் அண்ணே."

"தர காஞ்சி கெடக்குது பாருங்க. இருந்திருந்தா எங்க போவும்?"

அதுவும் சரிதான் என்று பட்டது. வெயிலில் அவ்வளவு தூரம் நடந்தவனுக்கு எதைச் சொன்னாலும் சரிதான் என்று படும்.

மறுநாள் மல்லிகா அக்கா புதுப்புடவை கட்டிக்கொண்டு ஏறினார். கட்டிலில் உட்கார்ந்தார், தலையணையைத் தடவினார், திரையை விலக்கிப் பார்த்தார். சட்டென்று முந்தானையை மூக்கில் வைத்தார்.

"டீசலு அடிக்குது."

"எனக்கு வரலியே."

"எனக்கு வருது. எறங்குறேன்."

அன்றைக்கு ஆரம்பித்தது. கல்லூரியில் எனக்குக் காலை ஷிப்ட். ஒன்றரை மணிக்கு வந்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தலையைச் சாய்த்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "சார், ஒரு நிமிசம் வந்து மோந்து பாருங்க." போவேன். மோந்து பார்ப்பேன். இருக்கும். காலையில் ஏறினால் ஒன்றும் இருக்காது. வெயில் ஏற ஏற எங்கிருந்தோ கிளம்பி வரும். முன்பக்கம் மோந்தால் பின்பக்கம் இருப்பது மாதிரி தெரியும், பின்பக்கம் போனால் முன்பக்கம் போய்விடும். சில வாரங்களில் எனக்கு சாம்பாரில் டீசல் வந்தது. மாணவர்களின் விடைத்தாளில் டீசல் வந்தது. கிளாஸில் சாக்பீஸை மோந்து பார்த்துக்கொண்டு நின்றதை ஒரு பெண் பார்த்துவிட்டாள்.

மெக்கானிக் வந்தார். டீசல் ஹோஸில் விரிசல் என்றார், மாற்றினார். வாசனை வந்தது. டேங்க் மூடியில் வாஷர் போய்விட்டது என்றார், மாற்றினார். வந்தது. டேங்கையே இறக்கிக் கழுவி, வெல்டிங் வைத்து ஏற்றினார். அதற்கும் வந்தது. ஒவ்வொரு தடவையும் "இதுதாங்க, இனிமே வராது" என்று அவர் சொல்வார், அண்ணன் தெரு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு போவார், மதியம் சுவருக்கு மேலே அவர் தலை தெரியும். கடைசியில் மெக்கானிக் தனக்கு நிரந்தரமாகச் சளி பிடித்துவிட்டது என்று சொல்லி வருவதையே நிறுத்திக்கொண்டார்.

அடுத்து அண்ணனின் சந்தேகம் என் ஸ்கூட்டர் மேல் விழுந்தது. அது பெட்ரோலில் ஓடுகிறது என்றேன். "எதுக்கும் பாத்துடுவோம்" என்று குனிந்து அதை மோந்தார். பிறகு தெருக்கோடியில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். எதிர்த்துப் பேசத் தெம்பு வேண்டாமா?

பஜாரில் அத்தர் கடை வைத்திருந்த பாயும் பாவம் இதில் மாட்டினார். "ஒரு சொட்டு போதும் அண்ணே, வாசன நாள் முழுக்க நிக்கும்" என்று சொல்லி ஒரு குப்பியைக் கொடுத்தார். அண்ணன் குப்பி முழுவதையும் வேனுக்குள் கவிழ்த்தார். மல்லிகா அக்கா படியில் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கினார். "டீசலு குளிச்சி முழுவிட்டு கல்யாணத்துக்குப் பொறப்பட்ட மாரி இருக்குது" என்றார். விஷயம் கேள்விப்பட்டு பாயே வந்து எட்டிப் பார்த்தார். "எங் கடயில வாங்குனதுன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்கண்ணே" என்று கேட்டுக்கொண்டு போனார்.

இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தபோதே வால்பாறையிலிருந்து வந்த சேதி நன்றாக இல்லை. தங்கைக்கு மறுபடியும் ஆபரேஷன் என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்பு அக்காவை ஒரு தடவை கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்த மல்லிகா அக்கா, அண்ணனைப் பார்க்காமல் வேனைப் பார்த்துச் சொன்னார்:

"வுடுங்க. போன்லயே பாத்துக்கறேன். மூஞ்சி தெரியுதில்ல."

ஜாடி அண்ணன் எழுந்து போய் வேன் கதவைச் சாத்தினார். மறுநாள் மதியம் என்னைக் கூப்பிடவில்லை. படுத்துக் கிடந்த எனக்கு அது நன்றாக இல்லை. நானே எழுந்து போனேன். வேனை விற்றுவிடப் போவதாகச் சொன்னார். வாங்க வருகிறவன் பார்ப்பதற்குள் கழுவி வைக்க வேண்டுமாம். கட்டிலைத் தூக்கி வெளியே போட்டிருந்தார். ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் தண்ணீர் அடித்தார், நான் ஈர்க்குமாற்றால் தள்ளினேன்.

கட்டில் கிடந்த இடத்துக்கு வந்ததும் தண்ணீரை ஓடு உறிஞ்சியது. உறிஞ்சிய இடத்திலிருந்து மெல்ல ஒரு பளபளப்பு மிதந்து வந்தது. நீலமும் ஊதாவுமாக, மழை நாளில் பஸ் ஸ்டாண்டுத் தரையில் பார்ப்போமே, அது. அண்ணன் பைப்பைக் கீழே போட்டார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒரு ஓட்டைப் பெயர்த்தார். திருப்பினார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் நாக்கை வைத்துவிட்டார்.

கண்ணை மூடி யோசித்தார்.

"டீசலு" என்றார்.

அப்புறம் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "குடிச்சிருக்குது சார். கேன்ல இருந்த அத்தனையும் குடிச்சிட்டு ஒண்ணுந் தெரியாத மாரி காஞ்சி கெடந்துருக்குது. வெயில் பட்டதும் மூச்சு வுடுது. தண்ணி குடிக்கணும்னு நாந்தான் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டேன். டீசலும் குடிக்கும்னு தோணல பாருங்க, ஆயுசு பூரா இத நக்கிட்டே இருந்தவனுக்கு." அவர் சிரித்தார். முகத்தில் வழிந்தது தண்ணீரா வேறா என்று நான் பார்க்கவில்லை.

எந்தெந்த ஓடு குடித்தது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக நாக்கை வைக்க ஆரம்பித்தார். அதற்குள் மல்லிகா அக்கா வந்துவிட்டார். "எல்லாத்தயும் தூக்கிப் போடுங்க. டீசல் நாக்க வச்சிக்கிட்டு எங்கிட்ட பேச்சுக் குடுக்காதீங்க" என்றார். பாவம், அத்தனை ஓட்டையும் பெயர்த்தார். நல்ல ஓடு கையில் வரும்போதெல்லாம் ஒரு நிமிடம் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வைத்தார். வெறும் இரும்புத் தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தோம். நாலு நாள் கதவைத் திறந்து வைத்து வெயிலில் காயவிட்டோம். பிறகு கடையில் வாங்கிய சாதாரண ரப்பர் பாயை, யாரோ செத்த வீட்டில் பாய் விரிப்பது போன்ற முகத்தோடு விரித்தார்.

நல்ல உச்சி வெயிலில் மல்லிகா அக்காவை ஏறச் சொன்னார். அவர் உட்கார்ந்தார். மூச்சை இழுத்தார். நாங்கள் இரண்டு பேரும் பரீட்சை எழுதிய பிள்ளைகள் மாதிரி படியில் நின்றோம்.

"ஏதாச்சும் வருதா?" என்று அண்ணன் மெல்லக் கேட்டார்.

"ஒங்க வேர்வ நாத்தந்தான் வருது. அது பழகிப்போச்சு. வண்டிய எடுங்க."

மறுநாள் விடியற்காலையில் கிளம்பினார்கள். வழியில் எத்தனை இடத்தில் நின்றார்களோ, மலையில் எத்தனை வளைவில் அந்த மஞ்சள் வேன் மூச்சு வாங்கியதோ, எனக்குத் தெரியாது. அடுத்த நாள் சாயங்காலம் போன் வந்தது. திரையில் ஒரு சின்ன அறை. கட்டிலில் தங்கை படுத்திருக்கிறார், மல்லிகா அக்கா அவர் தலையை மடியில் வைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். போனைப் பிடித்திருந்த ஆள் மட்டும் பேசவே இல்லை.

"என்ன அண்ணே, சத்தத்தையே காணோம்?"

"ரெண்டு பேரும் சிரிக்கறாங்க சார். பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. இந்த மனுஷனை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.