மாப்பிள்ளைக் காரில் விதைநெல்

பயந்தவனுக்கு ஆபத்து வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆபத்து எந்தப் பாதையில் படுத்திருக்கிறது என்று தேடிப் பிடித்து, வண்டியை அந்தப் பக்கம் திருப்பச் சொல்பவன்தான் பயந்தவன். நாற்பத்தாறு வருடமாக அந்த வேலையைச் செய்துவருகிறேன். இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

கல்முனைக்குடியில் எனக்குக் குஷன் கடை. பஸ், வேன், ஆட்டோ என்று எது வந்தாலும் சீட் தைத்துக் கொடுப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாப்பாவுக்குக் கடையில் ஓர் ஆள் தேவைப்பட்டது, எனக்குக் கணக்குப் பாடத்திடமிருந்து ஒளிய ஓர் இடம் தேவைப்பட்டது. (இரண்டு பேருக்கும் திருப்தி. கணக்கு வாத்தியாருக்கும்தான்.)

நிஸ்தார் என் கூட்டாளி. நிந்தவூரில் வாகனங்களுக்கு வயர் வேலை செய்யும் கராஜ் வைத்திருந்தான். எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டியது ஸ்போர்ட்ஸ் கார். ஊரில் ஒருவரிடமும் இல்லாத, எங்கள் பரம்பரையில் ஒருவரும் ஏறியிராத சாமானில் எப்படி இத்தனை ஆசை வந்தது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். என் கடைச் சுவர் முழுக்கப் படங்கள். அவன் போனில் ரேஸ் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டு எந்தக் கார் என்று சொல்வான். சிவப்பா வெள்ளியா எது அழகு என்று பெருநாள் அன்றுகூடச் சண்டை பிடித்திருக்கிறோம். அவனுடைய ஆட்டோவுக்கு நான் ரேஸ் கார் மாதிரியே சிவப்பும் கறுப்புமாக சீட் தைத்துக் கொடுத்தேன். மீன் வாங்கப் போகும்போதும் அதில் சாய்ந்துதான் போவான்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நிஸ்தார் ஓடும் காரை நேசித்தான். நான் நேசித்தது நிற்கும் காரை. எந்த வாகனமானாலும் நாற்பதைத் தாண்டினால் என் வாயில் தானாகக் கலிமா வந்துவிடும்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, லுஹர் தொழுதுவிட்டு வந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகமுன்னரே மௌத்தாகிவிட்டான். நாய்க்கும், மின்னலுக்கும், கடிதம் கொண்டு வரும் தபால்காரருக்கும் பயந்த நான், அதற்குப் பயப்பட வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்திருக்கவில்லை.

நான் சொல்ல வந்தது அதற்குப் பத்து வருடம் முந்திய ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி.

ஜும்ஆ முடிந்து கடையைத் திறந்திருந்தேன். போன் வந்தது.

"சலீம், கடையப் பூட்டிட்டு ஓடி வா."

"என்னடா, ஆருக்கும் ஏதும்...?"

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. ரெண்டு சீட்டு. சிவப்பு. கூரை மடியுது. என்ட கராஜுக்குள்ள நிக்கிது."

ஊசியைத் துணியில் குத்தியபடியே விட்டுவிட்டுப் போனேன்.

விசயம் இதுதான். எங்கள் ஊர் மாப்பிள்ளை ஒருவருக்கு அன்று அக்கரைப்பற்றில் கலியாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குக் குடிபோவார். அதனால் போகிற போக்கு ஊர் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று, கொழும்புக் கூட்டாளியிடம் இந்தக் காரை இரவல் வாங்கி வந்திருந்தார். வந்த இடத்தில் கூரை மூட மறுத்தது. நிஸ்தார் காலையிலிருந்து கிடந்து அதைச் சரிப்படுத்தியிருந்தான். மூன்று மணிக்குக் கல்முனைக்குடியில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் கார் நிற்க வேண்டும்.

நான் காரைச் சுற்றி வந்தேன். சீட்டில் கறுப்புத் தோல், சிவப்பு நூல். தையல் அப்படியொரு நேர்கோடு. நான் ஏழு பிறவி எடுத்துத் தைத்தாலும் (நமக்கு ஒரு பிறவிதான், தெரியும்) அப்படி வராது. விரலால் தடவிக்கொண்டே நின்றேன்.

"மாப்பிள்ளை சொன்னாரு, ஒரு ஓட்டம் ஓடிப் பாத்திட்டே கொண்டுவாங்க எண்டு" என்றான் நிஸ்தார். "நிந்தவூர் முடிஞ்சி காரைதீவு தொடங்குற வரைக்கும் நேர் ரோடு. ரெண்டு பக்கமும் வயல். அதுல மட்டும் ஒரு மிதி மச்சான். என்ட ஹயாத்து முழுக்கலயும் ஒரேயொரு மிதி."

ஓம் என்று தலையாட்டினேன். மெய்யாகவே சம்மதித்துத்தான் ஆட்டினேன். ஆனால் கார் கராஜை விட்டு வெளியே வந்ததும் பயம் என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"மச்சான், மெயின் ரோட்டுல பொலிஸ் நிப்பான்."

"நிக்கட்டுமே. லைசன் இரிக்கி."

"பஸ்காரன் குறுக்கால வெட்டுவான். வெள்ளிக்கிழமை. ஆடு மாடு பாயும். சனம் பாத்துக் கண்ணூறு படும். ஒரு கீறல் விழுந்தா மாப்பிள்ள எந்த முகத்தோட போவாரு?"

"சலீம்..."

"வயல் ரோட்டால போவமே. புதுசாக் காபட் போட்டிருக்கான். ஒருத்தரும் இரிக்க மாட்டாங்க."

நிஸ்தார் ஒரு கணம் நேரே பார்த்தான். அவனுடைய நேர் ரோடு அந்தப் பக்கம் கிடந்தது. பிறகு சிக்னலைப் போட்டு வயல் பக்கம் திருப்பினான். அவன் அப்படித்தான். என் பயத்தைக் கேலி பண்ணுவான், ஆனால் ஒரு நாளும் அதை மீறி நடக்கமாட்டான்.

ஒருத்தரும் இருக்கமாட்டார்கள் என்று நான் சொன்னது சரிதான். இருந்தது நெல்.

வெட்டு முடிந்த காலம். அந்த நாட்களில் வழவழவென்று தார் போட்ட காபட் ரோடு என்பது எங்கள் பக்கத்தில் ரோடு அல்ல, நெல் காயப்போடும் களம். எட்டாம் வகுப்புப் படித்தவனுக்கும் தெரியும், படிக்காதவனுக்கும் தெரியும். பயத்தில் எனக்கு மட்டும் மறந்துவிட்டது. ஒரு வளைவு திரும்பியதும், ரோட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பொன்னிறமாகப் பரவிக் கிடந்தது.

"எல்லாரும் நெல்லுக்கு மேலாலதானே போறாங்க. மெதுவாப் போ மச்சான்" என்றேன்.

எல்லாரும் போவார்கள்தான். அவர்களுடைய வாகனங்களுக்கு வயிறு உயரத்தில் இருக்கும். எங்கள் காரின் வயிறு தரையிலிருந்து நான்கு விரல். மெதுவாகப் போனதால் ஒரு மணியும் தப்பாமல் வழித்துக்கொண்டு போனோம். முன்னால் நெல் குவிந்து, குவிந்து, கடைசியில் கார் அந்தக் குவியலின் மேல் அடைகாக்கும் கோழிபோல ஏறி உட்கார்ந்தது.

வயலுக்குள்ளிருந்து ஒரு மனிதர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். மீராலெவ்வை காக்கா என்று பிறகு தெரிந்தது.

"அடேய்! இது என்னடா, காரா, மம்பெட்டியா?"

"மன்னிச்சிக்கங்க காக்கா" என்றான் நிஸ்தார்.

"மன்னிக்கிறது இரிக்கட்டும். இறங்குங்க ரெண்டு பேரும். அங்க பாருங்க!"

மேற்கே பார்த்தோம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மற்ற நெல்ல மூட ஒரு படங்கு இரிக்கி" என்றார் காக்கா. "இந்தா நீங்க ஏறிக் குந்தியிரிக்கிறது விதநெல்லுடா! நனைஞ்சா முளைச்சிப் போகும். அடுத்த போகத்துக்கு நான் எத விதைக்கிற?"

மூன்று பேரும் குனிந்து அள்ளினோம். காரின் அடியிலிருந்து நிஸ்தார் கைகளால் வாரி எடுத்தான், கலியாணத்துக்கென்று போட்டிருந்த வெள்ளைச் சேட்டோடு. மூன்று சாக்கில் விதைநெல் கட்டியபோது முதல் துளி என் மூக்கில் விழுந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? காக்காவின் ஒரேயொரு படங்கை இழுத்து, கூரை திறந்து கிடந்த காரின் சீட்டின் மேல் போட்டேன். தோல் சீட் நனைந்தால் என்ன ஆகும் என்று குஷன்காரனுக்குத் தெரியுமல்லவா?

காக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

நிஸ்தார் படங்கைப் பிடுங்கி அவரிடம் கொடுத்தான். "காக்கா, உங்கட ஊடு எங்க?"

"நேர ஒன்றரைக் கட்டை தூரம். நீலக் கேட்டு. பொஞ்சாதி நிப்பா."

"கூர மூடுற காருதானே. இதுக்குள்ள ஏத்துங்க."

"மாப்பிள்ளைட காரு..." என்று நான் தொடங்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. ஒரு சாக்கு டிக்கிக்குள் போனது. ஒன்று முன்னால் கால் வைக்கும் இடத்தில். மற்றது மட்டும் மிச்சம்.

"சலீம், ஏறு. இத மடியில வெச்சிக்க."

நான் ரோட்டைப் பார்த்தேன். நேராக, நனைந்து, மினுங்கிக்கொண்டு கிடந்தது.

"வழுக்கும் மச்சான். நான் காக்காக்குப் படங்கு இழுக்கிறன். நீ போ."

"ஏறுடா. இனி எப்ப?"

"நீ போ."

அவன் மூன்றாவது சாக்கை என் சீட்டில் நிமிர்த்தி வைத்தான். கூரை அழகாக வந்து மூடியது, காலையில் அவன் செய்த வேலை. கார் கீச் கீச் என்று கத்தியது, பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போடவில்லையாம். நிஸ்தார் குனிந்து, சாக்குக்குப் பெல்ட் போட்டுவிட்டான்.

பிறகு அந்தச் சத்தம். போனில் நாங்கள் நூறு தடவை கேட்ட சத்தம், எங்கள் வயலுக்கு நடுவில், மழைக்குள். இரண்டு பக்கமும் தண்ணீரை விசிறிக்கொண்டு சிவப்பாக ஒரு கோடு போனது. படங்கின் ஒரு முனையைப் பிடித்தபடி நான் நின்றேன். என் இடத்தில் ஒரு சாக்கு நெல் போய்க்கொண்டிருந்தது.

"மெய்யாலும் நல்லா ஓட்றான்" என்றார் காக்கா, மழை வழியும் முகத்தோடு.

கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்தான். மழை விட்டிருந்தது. கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு, முகம் முழுக்க ஒருவிதமான அமைதியோடு.

"எப்பிடிடா?"

"ம்" என்றான். "ஏறு."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதியை நானேதான் காக்காவின் படங்கோடு சேர்த்து மடித்து வைத்துவிட்டேனே. கல்முனைக்குடி வரை இருபதில் போனோம், என் விருப்பப்படி. வழிநெடுக நான் சீட்டில் சிந்திய நெல்லைப் பொறுக்கிக்கொண்டே வந்தேன். எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பின்னேரம் அக்கரைப்பற்றில், பொண்ணு வீட்டு வாசலில் சனம் கூடி நின்றது. நாங்களும் ஒரு மூலையில் நின்றோம். சிவப்புக் கார் வந்து நின்றது. வியர்த்துப்போயிருந்த மாப்பிள்ளை, இறங்குவதற்கு முன் முகத்துக்குக் கொஞ்சம் காற்றுப் பிடிப்போம் என்று ஏசியைக் கூட்டியிருக்கிறார். சாக்கு ஏற்றும்போது அதன் ஓட்டைக்குள் சிந்தியிருந்த ஒரு பிடி நெல் பறந்து வந்து அவர் முகத்திலும் கோட்டிலும் கொட்டியது. அவர் கதவைத் திறந்து இறங்கியபோது மடியிலிருந்து இன்னொரு பிடி சிந்தியது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது பொண்ணின் மாமா உரக்கச் சொன்னார்:

"நாங்க வயல்காணிதான் எழுதிக் குடுத்தம். மாப்பிள்ள கையோட விளைச்சலையும் கொண்டு வந்திட்டாரு!"

அக்கரைப்பற்றே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். நிஸ்தார் என் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அந்த ஒன்றரைக் கட்டை ஓட்டத்தைப் பற்றி மட்டும் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பத்து வருடம். எத்தனை தேநீர். ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். அவனுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரேயொரு ஓட்டத்தில் பக்கத்தில் இருக்க முடியாமல் போனவன் எந்த வாயால் கேட்பது என்று விட்டுவிட்டேன்.

அவன் மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தத்துக்கு அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய மனைவி, கணவனை இழந்தவர்கள் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் இருந்ததால் திரைக்குப் பின்னாலிருந்து சலாம் சொன்னார். சாப்பாடு முடிந்து எல்லாரும் போன பிறகு, அவனுடைய மூத்த மகள் தேநீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"மாமா, அண்டைக்கி அந்தச் செவப்புக் காருல மழைக்குள்ள போனீங்களே, எவ்வளவு ஸ்பீட்ல போனீங்க? வாப்பாட்டக் கேட்டா ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கணக்குச் சொல்லுவாரு."

"நானா?"

"ஓம். நெல் மூட்டைய மடியில வெச்சிட்டு நீங்க கத்தின கத்துல கொக்கெல்லாம் எழும்பிப் பறந்திச்சாமே. சலீம் இல்லாட்டி அந்த ஓட்டம் ஓட்டமே இல்ல எண்டு சொல்லுவாரு."

தேநீரைக் கையில் எடுத்தேன், கீழே வைத்தேன். பத்து வருடமாக அந்த வீட்டில் நான் அந்த சீட்டில் இருந்திருக்கிறேன். எனக்குத்தான் தெரியாது. அவன் அந்தச் சாக்கைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் அந்த ஓட்டத்தைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. என்னையும் ஏற்றிக்கொண்டு போன ஓட்டத்தை, ஏறாத என்னிடம் எப்படிச் சொல்வான்?

பொய் சொல்வதென்றாலும் எனக்குப் பயம். மறுமையில் கேள்வி வரும். உண்மையைச் சொல்ல வாய் எடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். திரை அசையாமல் நின்றது. அதற்குப் பின்னால் அவன் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு எண்டு தெரியா மகள்" என்றேன். "நான் கண்ண மூடிட்டிருந்தன். மீட்டரப் பாக்கல்ல."

பிறகு திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. அடக்கி, அடக்க முடியாமல், பிறகு அழுகை மாதிரியும் கேட்டது. அந்த நாற்பது நாளில் உம்மா சிரித்தது அதுதான் முதல் தடவை என்று மகள் பிறகு சொன்னாள்.

இப்போது அந்த வீட்டு வாசலில் நான் எந்த வாகனத்தில் வந்து இறங்கினாலும் உள்ளேயிருந்து யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்கள்:

"கண்ணத் தொறங்க மாமா, ஊடு வந்திட்டு!"