ஒரே இடத்தில் நிற்க வேண்டும்

டிரோன் மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது.

முஜீப் ரஹ்மான் ரிமோட்டிலிருந்து இரண்டு கட்டைவிரல்களையும் எடுத்து மனைவியிடம் காட்டினான். "பாரு அமீனா, நான் ஒண்ணுமே பண்ணலை."

உப்புப் பாத்திகளுக்கு மேலே அது முதலில் தட்டு அளவுக்கு வட்டம் போட்டது. பிறகு தாம்பாளம் அளவுக்கு. பிறகு ஒரு முழுப் பாத்தியையே வளைத்துக்கொண்டது.

எதிரே உப்புக் குவியலின் முன்னால், அடுத்த மாதம் கல்யாணம் ஆகப்போகிற ஜெயப்பிரகாஷும் யுவராணியும் கைகோத்து நின்றிருந்தார்கள். பக்கத்து ஊர் அனுமந்தைக்காரர்கள். யுவராணி அங்கிருந்தே கட்டைவிரலை உயர்த்தினாள். "சூப்பர் பாய்!"

"கிண்டல் பண்ணுது அந்தப் பொண்ணு" என்றான் முஜீப்.

இது அவனுடைய முதல் வேலை. கடற்கரையில் டிரோன் ஓட்டிப் பழகியபோது எடுத்த வீடியோவை இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தான். காற்றில் ஆடிச் சுழன்ற இடங்களை வெட்டத் தெரியாமல் அப்படியே போட்டதில் அவனுக்கு வருத்தம். அதைப் பார்த்துத்தான் யுவராணி போன் செய்து, "இதே மாதிரி எங்களுக்கும் வேணும்" என்றாள். வீடியோ அவ்வளவு ஆடியும் கூப்பிட்டார்கள் என்றால் கையில் ஏதோ இருக்கிறது என்று மூன்று நாளாகப் பெருமை.

இப்போது அந்தப் பெருமை வானத்தில் கிறுகிறுத்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு சரியா வரலைன்னா பஷீர் பாய்க்கு ஓகே சொல்லிடுவேன். அவரு வாங்கித் தர்ற தம்மாம் விசாவுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள்."

அமீனாவுக்கு முதலில் தோன்றியது, சமையலறை மறுபடியும் தனக்கே கிடைக்கும் என்பதுதான். சவுதியிலிருந்து ஊருக்கு வந்த நாளிலிருந்து அவன் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, "இதுல இன்னா?" என்று கேட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றி வருகிறான். இத்தனை வருடம் போனில் ஒரே இடத்தில் நின்ற குரலுக்கு இவ்வளவு கால்கள் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. அடுத்த கணமே, 'இதுல இன்னா' என்று கேட்க ஆளில்லாத வீடு கண்ணுக்குள் வந்தது. அது அவளை அதிகம் பயமுறுத்தியது.

"காத்துதான் காரணம்" என்று முஜீப் டிரோனைக் கொஞ்சம் தாழ்த்தினான். அது இன்னும் மோசமானது. பாத்தித் தண்ணீர் கண்ணாடிபோல வானத்தைக் காட்டியது. தரையைப் பார்த்து நிலைகொள்ள வேண்டிய அடிப்பக்கக் கேமராவுக்குத் தரையே தெரியவில்லை. டிரோன் பக்கவாட்டில் வழுக்கி ஜெயப்பிரகாஷின் தலைமுடியைக் கலைத்துவிட்டுப் போனது.

"சூப்பர் பாய்!"

"இதுக்குள்ள இருக்கற திசைகாட்டியைச் சரிபண்ணணும்." டிரோனை இறக்கி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றினான். வலது மணிக்கட்டில் தம்மாமில் வாங்கிய பிரஷர் வளையம் மின்னியது. பிரஷரை ஏறவும் விடாது, இறங்கவும் விடாது என்று அறைத் தோழர்கள் சொன்னார்களாம். குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டான்.

"தொழறதுக்குக் கிப்லா எந்தத் திசைன்னு தெரியாத பிரயாணி மாதிரி இருக்கீங்க" என்றாள் அமீனா.

அவன் சிரிக்கவில்லை. டிரோன் ஏறியது. வட்டம் இரண்டு பாத்தி ஆனது. திரும்பி, அவள் தலைத்துணி கழுத்தடியில் சேரும் இடத்தையே பார்த்தான்.

"மஃப்தால மாட்டியிருக்கறது மேக்னட் பின்தானே? அதான்! நீ கிட்ட வந்தாலே ஆடுது. கழட்டிக்கினு அந்த வரப்புக்குப் போ."

மஃப்தாவை ஒரு கையால் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, பின்களை மறு கையில் மூடிக்கொண்டு அவள் போனாள். தூரத்தில் இருந்தால்தான் இவருக்கு நிலை வரும்போலிருக்கிறது. மிஷினுக்கும் அதே குணம்தானா?

மறுபடியும் டிரோனை ஏந்திச் சுற்றினான். மறுபடியும் ஏற்றினான். இந்த முறை அது ரோட்டோர டீக்கடைவரை போய்ச் சுற்றிவிட்டு வந்தது. யுவராணி கைதட்டினாள்.

முஜீப் டிரோனை இறக்கிவிட்டு வரப்பில் உட்கார்ந்தான். போன் அடித்தது. "கொஞ்ச நேரத்துல சொல்றேன் பஷீர் பாய்" என்று வைத்தான்.

அமீனா தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். பின்கள் அதே கையில் இருந்தன. அவன் வாங்கக் கையை நீட்டினான்.

டக்.

ஒரு பின் அவள் விரலிடுக்கிலிருந்து பாய்ந்து அவன் வளையத்தில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கினாள். விட்டாள். டக்.

"ஏங்க, இது காந்தமா?"

"பிரஷருக்கு நல்லதுன்னு..."

"டிரோனுக்கு? ஒவ்வொரு தடவையும் இந்தக் கையாலதானே புடிச்சிச் சுத்துனீங்க?"

அவன் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவள் வளையத்தைப் பிடித்து இழுத்தாள். "இரு, இரு, தலை சுத்தும்!" என்று அவன் கையை உதற, வளையம் பின்னோடு சேர்ந்து கலங்கிய உப்புத் தண்ணீருக்குள் விழுந்து மறைந்தது.

"என் பின்னும் போச்சு" என்றாள்.

வெறுங்கையால் ஏந்தி, சுற்றி, ஏற்றினான். டிரோன் ஏறியது. காற்றடித்தபோது லேசாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது. இடத்தை விட்டு நகரவில்லை. வானத்தில் ஆணியடித்து மாட்டியதுபோல நின்றது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான் முஜீப். கண் கலங்கியது. தானே போனை எடுத்தான். "பஷீர் பாய், விசா வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க. எனக்கு இங்கியே தொழில் நின்னுடுச்சு."

அமீனா சிரிப்பை மஃப்தாவுக்குள் மறைத்தாள். நாளைக்கே டப்பாக்களின் மேலெல்லாம் பெயர் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யுவராணி வரப்பில் நடந்து வந்தாள். வானத்தைப் பார்த்தாள், ரிமோட்டின் திரையைப் பார்த்தாள். முகம் வாடிப்போனது.

"இன்னா பாய், நின்னுடுச்சு? நிக்கிற டிரோன் எங்க மாமா பையன்கிட்டயே இருக்குது. உங்க வீடியோல கிறுகிறுன்னு சுத்துச்சே, அதுக்குத்தானே உங்களைத் தேடிப் புடிச்சோம்!"