கஜரூபனின் சம்பந்தமும் என்னுடைய பெருவிரலும்

வெள்ளவத்தை,
வியாழக்கிழமை.

ரொறன்ரோவில் மனைவி மக்களோடு குளிரில் வாழும் அன்பு மச்சான் யோகராஜுக்கு, அத்தான் கதிர்காமநாதன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாருக்கும் சுகம் இருக்கிறது, மானம்தான் கொஞ்சம் தட்டுப்பாடு. உங்களுக்கு இரண்டும் குறைவில்லாமல் இருக்க மயூராபதி அம்மன் துணை.

நடந்தது இதுதான். உம்முடைய மருமகன், என்னுடைய மகன் கஜரூபனுக்குக் கொட்டாஞ்சேனையில் பேசிவந்த சம்பந்தம், செவ்வாய்க்கிழமை என்னுடைய பெருவிரலால் குழம்பிப்போனது.

இரண்டு வீடும் பழகட்டும் என்று நீர்தானே அங்கேயிருந்து ஒரு வாட்ஸ்அப் குழு திறந்தீர். அதில் பெண்ணின் தகப்பன் சிவபாதம், அவருடைய அண்ணன் தம்பிமார், நான் முகமே காணாத லண்டன் சித்திமார் எல்லாரும் இருக்கினம். செவ்வாய்க்கிழமை நீர் கஜரூபனின் படத்தை அதிலே போட்டீர். அதே நேரம் நான் கடையில் நின்று, விலைப்படாத சிங்கப்பூர்ச் சாறிகளைக் கிராண்ட்பாஸ் பலீல் ஹாஜியாரின் தலையில் கட்டுவதற்காக ஒரு குரல்பதிவு செய்து அனுப்பினேன். அது ஹாஜியாரிடம் போகாமல், பிள்ளையின் படத்துக்குக் கீழே போய்க் குந்திவிட்டது. கஜரூபனும் சிங்கப்பூரில் வேலை செய்து திரும்பியவன் என்பது உமக்குத் தெரியும். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீரே தீர்ப்புச் சொல்லும்:

“ஒளிக்காமல் சொல்லுறன், பழைய சாமான். சிங்கப்பூரால வந்து மூண்டு வருசமாய்ச் சும்மா கிடக்குது. கனபேர் வந்து பாத்திட்டுப் போட்டினம், ஒருத்தரும் எடுக்கேல்லை. மேல்பக்கம் கொஞ்சம் வெளிறிப்போச்சு, நடுவில மடிப்பு விழுந்திருக்கு, மற்றபடி பழுதில்லை. பொங்கலுக்கு முதல் எப்பிடியும் தள்ளிவிடவேணும். எடுத்த பிறகு திருப்பித் தரக்கூடாது.”

பிழை தெரிந்ததும் அழித்தேன். அழிக்கும்போது இந்தச் சனியன் ஒரு கேள்வி கேட்கும்: எல்லாருக்கும் அழிக்கவா, உமக்கு மட்டும் அழிக்கவா என்று. கண்ணாடி கையில் இல்லை. எனக்கு மட்டும் அழிந்தது. அழிந்த தைரியத்தில், “எல்லாரும் சந்தோசமோ?” என்று கீழே எழுதியும் விட்டேன். அதற்குச் சிவபாதம், “யோசித்துச் சொல்லுறம்” என்றார். எதை யோசிக்கிறார் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, பக்கத்து மருந்துக்கடை றேமண்ட் வந்து, “அண்ணே, மகனை மலிவு விலையில தள்ளுறீங்களாம்?” என்று கேட்டான். மெல்பேர்னிலிருந்து அவன் தங்கச்சி அனுப்பியிருக்கிறாள். வெள்ளவத்தையில் அடுத்த கடைக்குச் செய்தி போக அவுஸ்திரேலியாவைச் சுற்றவேண்டும் என்றால், விஞ்ஞானம் வளர்ந்துதான் இருக்கிறது.

வீட்டில் உம்முடைய அக்கா, “பெத்த பிள்ளையைப் பற்றிக் கதைக்கிற கதையோ இது?” என்றா. “அது சாறியப்பா” என்றேன். “நான் நம்புறன், சனம் நம்புமே?” என்றா. கஜரூபன் மடிக்கணினியை மூடாமலே, “அப்பா, மடிப்பு எண்டது என்ர வயித்தையோ?” என்று கேட்டான். அவனுக்கு முப்பத்திநாலு வயது. இந்த இடமும் தட்டினால் அடுத்த இடம் எங்கே தேடுவது? இதற்கிடையில் ஹாஜியார் தொலைபேசி எடுத்து, “என்ன முதலாளி, சாமான் விசயம் ஒண்டும் செல்லல்லையே?” என்றார். உலகத்திலேயே அந்தச் செய்தி போய்ச்சேராத ஒரே மனிசன் அவர்தான்.

நன்மையும் இருக்கிறது, மச்சான். யாவாரி ஒற்றைத் தட்டில் நிறுக்கக்கூடாது. முந்தி ஒருத்தன் மானம் கெட்டால் ஊருக்குத் தெரிய ஒரு மாதம் செல்லும், இடையில் இடம் மாறிவிடலாம். இப்போது அந்த அலைச்சல் இல்லை. கடைக்கும் ஒரு பேஸ்புக் பக்கம் இருக்கிறது. சாறியின் படம் போட்டால் நூறு பேர் “விலை?” என்று கேட்பினம், இன்பொக்ஸுக்குள் போய்க் கள்ளச்சாமான் விற்பவன் மாதிரிக் காதுக்குள் சொல்லவேண்டும். சொன்னால் ஒரு இதயம் அனுப்புவினம். நடைபாதையில் முகம் துடைக்கிற கைலேஞ்சி விற்றுத்தான் நான் இந்தக் கடை வைத்தவன். இதயத்தைக் கொண்டுபோய் எந்த வங்கியிலும் போட ஏலாது என்று எனக்குத் தெரியும்.

ஆகவே தொலைபேசியைக் கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். நீரும் அந்தக் குழுவை இன்றே மூடும். நாளைக்கு நான் நேரே போய்ச் சிவபாதத்தின் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்கப்போகிறேன். மனிசரோடு மனிசர் முகம் பார்த்துக் கதைப்பதுதான் கதை. பிள்ளைகள் படித்து முன்னேறவும், உமக்கு முதுகு நோ மாறவும் ஆசீர்வாதங்கள்.

இப்படிக்கு,
அத்தான் கதிர்காமநாதன்.

பி.கு.: தபாலில் போடுமுன் கொட்டாஞ்சேனைக்குப் போய்வந்தேன். சிவபாதம், “நாங்கள் கழிவு விலைக்கு வந்த ஆக்கள் இல்லை” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது பெண், தர்சிகா, தேத்தண்ணி கொண்டுவந்தவள் தகப்பனைப் பார்த்து, “அப்பா, அது சாறியெண்டு அவர் அண்டைக்கே சொல்லிட்டார்” என்றாள். “எவர்?” என்றார் சிவபாதம். “கஜன்தான். மூண்டு மாசமாய் இன்ஸ்டகிராமில கதைக்கிறம். எனக்கு வந்த மாப்பிள்ளைமார் எல்லாரும் படத்தில ஆறடி, நேரில அஞ்சே கால். இவர் ஒராள்தான் வயிறு தெரியிற படம் அனுப்பினவர்.” பிறகு என் பக்கம் திரும்பி, “மாமா, மருந்துக்கடைக்காரற்ற தங்கச்சி என்ர சிநேகிதி. உங்கட பதிவைப் பகிடிக்கு மெல்பேர்னுக்கு அனுப்பினது நான்தான், குறை நினைக்காதேங்கோ” என்றாள். சிவபாதமும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். இரண்டு பேரும் பேசிவந்த சம்பந்தத்தை இரண்டு பேருக்கும் தெரியாமல் பிள்ளைகள் முடித்திருந்தார்கள்.

குழுவை மூடவேண்டாம். முடிவான நிபந்தனைகள்: சீதனம் இல்லை, மண்டபச் செலவு பாதிக்குப் பாதி, சிவபாதம் நாள்தோறும் விடியக் குழுவில் போடும் ரோசாப்பூப் படத்துக்கு, நான் சாகும்வரை, கடை திறக்குமுன் பதில் வணக்கம் போடவேண்டும்.