கப்பல் படம் போட்ட ஓப்பரா

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாயே வராது. பிறவி வியாதி. இருபத்தாறு வயதில் அது உச்சத்தில் இருந்தது.

அறுபதுகளின் கடைசி. போர்ட் பிளேரில் ஒரு கப்பல் பட்டறையில் நான் மெக்கானிக். ஃபோர்மேன் முத்தையா சார் ராமநாதபுரத்துக்காரர். தீவுக்கு வந்த பதினைந்து வருஷத்தில் பாதி இந்திக்காரராகிவிட்டவர். அவர் மகள் மல்லிகாவை எனக்குப் பிடித்திருந்தது. (அவளுக்கும் என்னை. அது அப்பாவுக்குத் தெரியாது என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம், பாவம்.) அதே ஊரில் ஜங்லிகாட் பக்கம் இருந்த என் சித்தி போய்ப் பெண் கேட்டாள். "ஜெர்மனி போயிட்டு வந்து சொல்றேம்மா" என்றார் சார். புதுப் படகு ஒன்றின் இன்ஜினைப் பழகிக்கொள்ள அவரோடு அனுப்பப்பட்ட ஆள் நான்தான். ஆறு வாரம், ஒரே அறை. பரீட்சை எனக்கா இன்ஜினுக்கா என்று சொல்லவேண்டியதில்லை.

ஜெர்மனியில் ஒரு சனிக்கிழமை பட்டறை லீவு.

"ஏப்பா, ஓப்பரா ஓப்பராங்குறாய்ங்களே, அதை ஒரு தடவை பாத்துரணும். ஒனக்கு அதெல்லாம் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் சார்!"

எனக்குத் தெரிந்ததெல்லாம், "காப்பி ஆறிப்போச்சு" என்பதைக்கூட அதில் பாடித்தான் சொல்வார்கள் என்பது மட்டும்தான். அதுவும் யாரோ சொன்னது.

டிக்கெட் கொடுத்த அம்மாள் நல்லவர். "முதல் தடவையா? அப்படியானால் இதைப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம், ஒரே சிரிப்பு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒன்றரை மணி நேரமா? மெட்ராஸிலிருந்து மூன்று நாள் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வருகிறவர்கள் நாங்கள்! பக்கத்துப் போஸ்டரில் பாய்மரக் கப்பல் ஒன்று ஜம்மென்று நின்றது. அது நாலு மணி நேரமாம். "ரொம்பக் கனமானது" என்று அந்த அம்மாள் தலையை ஆட்டி எச்சரித்தார். கப்பல்காரருக்குக் கப்பல் நாடகம்! என் மூளையை நானே மெச்சிக்கொண்டு இரண்டு டிக்கெட் வாங்கினேன்.

பகல் காட்சி. சிவப்பு வெல்வெட் நாற்காலி, தலைக்கு மேலே தேர் அளவுக்குக் கண்ணாடி விளக்கு. சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கு அதைவிட. திரை தூக்கியதும் ஒரு தடியரும் ஒரு பெண்ணும் உரக்கப் பாட ஆரம்பித்தார்கள்.

"யாருப்பா இவுக?"

ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "அண்ணன் தங்கச்சி சார். அப்பா செத்துட்டாரு. அழுறாங்க."

"அடடா" என்று உச்சுக்கொட்டினார். அடுத்த நிமிஷம் அந்த அண்ணன் தங்கையை இழுத்து அணைத்து வாயில் ஒரு முத்தம் கொடுத்தான். அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது. சாரின் தலை மெதுவாக என் பக்கம் திரும்பியது.

"இவங்க ஊர்ல அப்படித்தான் சார்" என்றேன்.

அவர் மறுபடி மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணம் கைவிட்டுப் போயிற்று என்று எனக்கு வியர்த்துக்கொட்டியது.

மூன்றாவது மணி நேரத்தில் தடியன் கப்பலேறினான். நிஜக் கப்பல் மாதிரியே பாய் விரித்து அது மேடையில் நகர்ந்தது. அவள் கரையில் நின்று உருகி உருகிப் பாடினாள். அரங்கில் மூச்சுச் சத்தம் இல்லை. எங்கள் ஊரில் மெட்ராஸ் கப்பல் கிளம்பும்போது கப்பல்துறையில் ஒருவரும் உட்கார மாட்டோம். போகிறவர் சொந்தமோ இல்லையோ, எழுந்து நின்று கண்ணுக்கு மறைகிறவரை கைக்குட்டையை ஆட்டுவோம். ஆட்டாவிட்டால் போகிறவருக்கு ஆகாது என்பார்கள்.

முத்தையா சார் எழுந்தார். கட்டம்போட்ட பெரிய கைக்குட்டையை உதறி ஆட்டினார்.

"பாத்துப் போ ராசா! போனதும் லெட்டர் போடு!"

ஆயிரம் தலைகள் திரும்பின. நான் நாற்காலிக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். இவர் யாரென்றே தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"அரே, என்னடா உக்காந்திருக்கே? கப்பல் போவுது, ஜல்தி எந்திரி!"

கண்ணெல்லாம் தண்ணீராக நிற்கும் அந்த மனுஷரைத் தனியே விட மனசு வரவில்லை. எழுந்தேன். கழுத்துச் சால்வையை உருவிச் சுழற்றினேன். "லெட்டர் போடு!" என்று அவரைவிடப் பெரிதாகக் கத்தினேன். அப்போது கப்பலிலிருந்த தடியன், பாடிக்கொண்டே, எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். சத்தியமாக!

கோட்டுப் போட்ட இருவர் வந்து எங்களை மிக மரியாதையாக வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

குளிரில் நடந்தோம். சார் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார்: "ஒனக்கு ஓப்பராவும் தெரியாது, கதையும் தெரியாது. அப்படித்தானே?"

"தெரியாது சார்." வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன்.

"அண்ணன் தங்கச்சின்னு சொன்னப்பவே தெரியும். காது ரெண்டும் செவந்துபோச்சே! பொய் சொன்னா ஒனக்கு மறைக்கத் தெரியல. டீக் ஹை. எம் பொண்ணுக்கு அது ரொம்ப வசதி."

எனக்குப் புரிய ஒரு தெரு நடக்க வேண்டியிருந்தது. புரிந்ததும் நடுத்தெருவில் அவர் காலில் விழுந்தேன்.

அந்த வசதியை மல்லிகா ஐம்பது வருஷமாக விடாமல் அனுபவிக்கிறாள். போன வாரம்கூட, டாக்டர் இனிப்புச் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னேன். அவள் என் காதைப் பார்த்தாள்.

"அண்ணன் தங்கச்சியா?" என்று கேட்டுவிட்டு அல்வாத் தட்டோடு உள்ளே போய்விட்டாள்.