மொக்கைச்சாமியின் வற்றாத ஊற்று

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர்தான் வரவில்லை. வருவதற்கு வழியும் இல்லை. மொக்கைச்சாமி பம்புக்குப் போகிற பெல்ட்டையே மாட்டவில்லை.

மாட்டி என்ன செய்ய? கிணறு தை மாதமே வற்றிவிட்டது. இப்போது சித்திரை. எட்டிப் பார்த்தால் பாறை தெரிந்தது. பாறைமேல் என்றோ தவறி விழுந்த பிளாஸ்டிக் குடம் தெரிந்தது. ஆனாலும் மூன்று நாளாகக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், அவருடைய அப்பா காலத்து டீசல் இன்ஜின் தன் இரண்டு பெரிய சக்கரங்களையும் சுற்றிக்கொண்டு ஏழாயிரம்பண்ணை ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி ஓடியது.

எல்லாம் மகள் மாரிசெல்விக்காக. அவளுக்கு இருபத்தாறு நடந்தது. கிணற்றில் தண்ணீர் இல்லை என்ற ஒரே காரணத்தால் இரண்டு வரன் தட்டிப்போனது. மூன்றாவதாக வந்த பையன் திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் இருந்தான். மாரிசெல்விக்கு அவனைப் பிடித்திருந்தது. பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு அவனும் இரண்டு தடவை செல்போனில் கூப்பிட்டிருந்தான். அவனுடைய அப்பா சங்கரபாண்டியன் நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. தண்ணீர் உள்ள வீட்டில்தான் சம்பந்தம் வைப்பேன் என்று மட்டும் சொல்லிவிட்டார். நகை என்றால் எங்கேயாவது புரட்டிவிடலாம். தண்ணீரை எங்கே போய்ப் புரட்டுவது?

வரனைக் கொண்டுவந்த தரகர் பெத்தணன் வரப்பில் வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, இஞ்சின் வெறும் ஓட்டமா ஓடுது?"

"யாரு சொன்னா? தண்ணி பாயுது."

"தண்ணி இழுத்தா இஞ்சினு மூச்சு வாங்கும். இது பாட்டுல்ல பாடுது. பஸ்ஸுக்கு நிக்கிற பொம்பளைகளே சொல்லிச் சிரிக்காக, மொக்கைச்சாமி வயலுக்குக் காத்துப் பாய்ச்சுறாகன்னு."

மொக்கைச்சாமியின் முகம் சுண்டிப்போனது.

"இன்னொண்ணு. ஞாயித்துக்கிழமை சங்கரபாண்டியன் அண்ணாச்சி வாராக. விருந்தெல்லாம் வேண்டாமாம். பம்புசெட்டுல ஒரு குளியல் போட்டாப் போதுமாம்."

மொக்கைச்சாமி இன்ஜினை நிறுத்திவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

கிணற்றை ஒட்டியிருந்த வீட்டில் விஷயத்தைக் கேட்ட ராக்காயி அரிசி களைவதை நிறுத்தவில்லை. "டேங்கர் லாரிக்குச் சொல்லுங்க."

"கெணத்துக்குள்ள லாரித் தண்ணியா? வெக்கக்கேடு."

"வாரவுக தண்ணியப் பாப்பாகளா, அது வந்த வழியப் பாப்பாகளா?"

மனைவி சொன்னதில் அவரால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை, பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஊர்ச்சனத்தை அள்ளிக்கொண்டு போன பிறகு லாரி வந்தது. ஊரில் கோழிகளைத் தவிரப் பார்க்க ஆள் இல்லை. டிரைவர் ஜெயச்சந்திரன் குழாயைக் கிணற்றுக்குள் இறக்கி மூன்று லோடு ஊற்றினான். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தத் தொழிலில் அவன் பார்க்காத கூத்து இல்லை போலிருக்கிறது.

கிணற்றில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மொக்கைச்சாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெல்ட்டை மாட்டினார். கைப்பிடியைப் போட்டு வேகமாகச் சுற்றிவிட்டார். இன்ஜின் இருமியது, புகைந்தது, பிறகு நன்றாக மூச்சு வாங்கியது. குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து விழுந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு மாதமாகக் கேட்காத சத்தம். அந்தச் சந்தோஷத்தில் இன்ஜினை நிறுத்த மறந்துபோனார்.

அரை மணி நேரத்தில் இன்ஜின் மறுபடி பாட ஆரம்பித்தது. எட்டிப் பார்த்தார். பாறை தெரிந்தது. குடம் தெரிந்தது. மூன்று லோடும் வயலைத் தாண்டி, கொல்லைப் பக்கத்து வண்டிப்பாதையில் சேறாகக் கிடந்தது.

"சரி பாக்கணும்னா ரெண்டு நிமிசம் ஓட்டிப் பாக்கக்கூடாதா?" என்றாள் ராக்காயி.

"ஆசையா இருந்துச்சு," என்றார் மொக்கைச்சாமி. அதற்குமேல் அவளாலும் திட்ட முடியவில்லை.

மாரிசெல்விதான் மண்வெட்டியை எடுத்தாள். "வெளிய விட்டாத்தானப்பா தீரும். தொட்டியில விழுகிற தண்ணிய அந்தப் பருத்திமார்ப் படப்புக்குப் பின்னால திருப்பி, திரும்பவும் கெணத்துக்குள்ளயே விட்டுருவோம்."

அப்பாவும் மகளும் மத்தியானம் முழுக்க, குவித்துவைத்திருந்த பருத்திக் குச்சிகளுக்குப் பின்னால் வாய்க்கால் வெட்டினார்கள். கிணற்றுச் சுவரில் மழைத்தண்ணீர் இறங்குவதற்காக விட்டிருந்த பழைய துளையில் அதைச் சேர்த்தார்கள். முன்னால் நின்று பார்த்தால் வாய்க்கால் வயலுக்குப் போகிற மாதிரிதான் தெரியும். வேன்கள் திரும்புவதற்குள் ஜெயச்சந்திரன் இன்னும் மூன்று லோடு ஊற்றினான். வாய்க்கால் திரும்பும் இடத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். தலையை ஆட்டிக்கொண்டு போனான்.

மொக்கைச்சாமி இருக்கன்குடி மாரியம்மனுக்கு முடி நேர்ந்துகொண்டார். ஏற்கெனவே பாதி போயிருந்த முடிதான்; மீதியை அம்மன் பெரிய மனது வைத்து ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கரபாண்டியன் பெத்தணனோடு வந்து இறங்கினார். தோளில் துண்டு, கையில் சோப்பு டப்பா. நேராக இன்ஜினிடம்தான் போனார்.

"எங்ககிட்டயும் இதே மாடல்தான் அண்ணாச்சி. எங்கய்யா வாங்கினது." சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நல்லா மூச்சு வாங்குது."

மொக்கைச்சாமிக்கு உயிர் வந்தது.

சங்கரபாண்டியன் தொட்டிக்குள் இறங்கிக் குழாய்க்கு அடியில் தலையைக் கொடுத்தார். "இப்பிடிக் குளிச்சு எம்புட்டு நாளாச்சு," என்றார். பதற்றத்தில் இருந்த மொக்கைச்சாமி அதைக் காதில் வாங்கவில்லை. சங்கரபாண்டியன் தலையை நிமிர்த்தினார். "கெணத்துக்குள்ள என்னமோ சலசலன்னு விழுதே?"

"ஊத்து அண்ணாச்சி."

"சித்திரையிலயா?"

"எங்களுக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு."

சங்கரபாண்டியன் சோப்பைப் போட்டார். தலைக்கு, உடம்புக்கு, மறுபடியும் தலைக்கு. ஐந்து நிமிடத்தில் குழாய் வாயில் வெள்ளையாகப் பொங்கியது.

"என்ன அண்ணாச்சி, தண்ணி நொரைக்குது?"

"இஞ்சினு வேகம் அப்பிடி."

"சந்தன வாசமும் வருதே?"

"அது... மண்ணு வாகு."

சங்கரபாண்டியன் கையிலிருந்த சந்தன சோப்பைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். அப்புறம் படப்பின் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல மண்ணு," என்றார். "அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க எல்லாரும் நம்ம வீடு பாக்க வரணும். எங்க கெணத்துலயும் இதே மாதிரி ஒரு குளியல் போடணும். அன்னைக்கே தேதி குறிச்சிருவோம்."

கதவுக்குப் பின்னால் மாரிசெல்வி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் பத்து நிமிடம் தாங்கினால் போதும்.

புது வாய்க்காலின் காய்ந்த மண் தன் பங்குக்குக் குடித்துக்கொண்டிருந்தது. சங்கரபாண்டியனின் தலை நிறைய நுரை இருக்கும்போது தண்ணீர் இளைத்தது. இன்ஜின் பாட ஆரம்பித்தது.

ராக்காயி முன்யோசனைக்காரி. ஒரு லோடோடு ஜெயச்சந்திரனை ரோட்டோரத்தில் நிறுத்திவைத்திருந்தாள். இன்ஜின் சத்தம் மாறினால் யார் கண்ணிலும் படாமல் கொல்லைப் பக்கமாக வந்து ஊற்ற வேண்டும் என்று ஏற்பாடு. கொல்லைப் பக்கத்துப் பாதையில்தான் முந்தின நாள் பாய்ந்த மூன்று லோடும் சேறாகக் கிடந்ததே. லாரி முன்வாசல் வழியாக ஆரன் அடித்துக்கொண்டு தொட்டி அருகிலேயே வந்து நின்றது.

பெத்தணன் வானத்தைப் பார்த்தார். மொக்கைச்சாமி லாரிக்கும் தொட்டிக்கும் நடுவில் போய் நின்றார். பெற்ற மனசு விடவில்லை.

"கம்பெனிக்குத் தண்ணி ஏத்த வந்திருக்கான் அண்ணாச்சி. இந்த வட்டாரத்துக்கே நம்ம கெணத்துலதான் எடுக்கிறது."

நிறைந்த லாரி பின்பக்கம் சொட்டச் சொட்ட நின்றது. சங்கரபாண்டியன் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தார். ஏனோ அவருக்கும் முகம் வெளுத்துவிட்டது. நுரையோடு தொட்டிக்குள் குனிந்து முகத்தை மறைக்கப் பார்த்தார்.

ஜெயச்சந்திரன் இறங்கி வந்தான். தொட்டிக்குள் இருப்பவரை அடையாளம் கண்டதும் மரியாதையாகத் தலைத்துண்டை அவிழ்த்தான்.

"சங்கரபாண்டியன் அண்ணாச்சியா? நல்ல வேளை, இங்கனயே பாத்துட்டேன். சம்பந்தம் பண்றவுக வீடு பாக்க வருவாகன்னு உங்க கெணத்துல ஊத்த முந்தாநாளே சொன்னீகளே ஆறு லோடு, அம்புட்டு வேண்டாம். இவுகளப் போல நீங்களும் திருப்பி விட்டுக்கிட்டா நாலே போதும்."