கைவிடுக என்ற கட்டம்

என் அன்பு அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, தையல் மிஷின் மேல் மடித்து வைக்கப்பட்டிருந்த என் வீட்டுக்காரரின் ஐந்து சட்டைகளை எடுத்துத் திரும்ப பீரோவுக்குள் வைத்ததுதான். நலம் விசாரிக்காமல் சட்டையில் ஆரம்பிக்கிறாளே என்று நினைக்காதே. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியம் என்றே நம்புகிறேன். இங்கே உடம்பளவில் எல்லோரும் சௌக்கியம். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் "அக்கா" என்றதுமே நீ "தெரியும், சொல்லு" என்று தொடங்கி, நான் சொல்ல வேண்டியதையும் நீயே சொல்லி முடித்துவிடுவாய். அதனால் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். தபாலில் போடும் துணிச்சல் இந்த ஜென்மத்தில் எனக்கு இனி வராது.

விஷயம் மேல்வீட்டம்மாவின் போர்வை. போன தடவை நீ வந்தபோது, உன் மாடியில் குடியிருக்கும் அந்த அம்மா கொடுத்தனுப்பிய ஐந்து சட்டைகளைத் தலையணை உறைக்குள் வைத்துக் கொண்டுவந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "பாத்துடி, அவங்க வீட்டுக்காரர் சட்டை. அவர் போய் எட்டு மாசம்தான் ஆகுது. நீதான் வெளிநாட்டுக்கெல்லாம் ஒட்டுப் போர்வை தச்சு அனுப்புறியே, இதுல ஒண்ணு தச்சுக் கொடு" என்றாய். எத்தனையோ பேருக்குத் தைத்திருக்கிறேன். எல்லாம் கடையில் வாங்கிய புதுத் துணி. ஒரு மனிதர் உடுத்திப் பழகிய துணியில் கத்திரிக்கோல் வைத்தது அதுதான் முதல் தடவை. முதல் சட்டையை வெட்டுவதற்கு முன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். யாரிடம் என்று தெரியவில்லை, சும்மா கேட்டேன்.

மேல்வீட்டம்மா போனில் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "நீலக் கட்டம் போட்ட சட்டை இருக்குல்லம்மா, அதோட பையை மட்டும் பிரிக்காதே. அப்படியே வச்சுத் தச்சிடு. அடியில பேனா ஒழுகின கறை இருக்கும், அதையும் போக்கிடாதே. அந்தக் கறைக்காக அவர்கூட ரெண்டு நாள் பேசாம இருந்தேன். ரெண்டு நாளு!" என்றார். அந்தப் பையை நெஞ்சுக்கு நேராக வரும்படி வைத்துத் தைத்தேன். படுத்தபடியே கையை உள்ளே விட்டுக்கொள்ளலாம். நான் தைத்ததிலேயே உருப்படியான போர்வை அது ஒன்றுதான், அக்கா. அது ஒன்றுதான் போய்ச் சேரவில்லை.

பார்சல் ஆபீசுக்கு இவரும் கூட வந்தார். வராமல் இருந்திருக்கலாம். ஆனால் கடைக்கு லீவு போட்டுவிட்டு, பார்சலைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்த மனிதரை என்ன சொல்வது? கவுண்டரில் இருந்த அம்மா, "உள்ள என்ன?" என்றாள். இவர் யோசிக்காமல், "இறந்துபோனவரோட சட்டைங்க" என்றார். அந்த அம்மா பார்சலிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "பயன்படுத்தினதா?" என்றாள். "நல்லாவே பயன்படுத்தினது" என்றார் இவர். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் இரண்டடி தள்ளி நின்றார். நான் குறுக்கே புகுந்து, "போர்வை, ஒண்ணு" என்று எழுத வைத்தேன். அங்கே ஒரு நீளப் பாரம் கொடுத்தார்கள். பெயர், முகவரி, எடை எல்லாம் எழுதிய பிறகு, கீழே எறும்பு எழுத்தில் ஒரு கேள்வி: பொருளை ஒப்படைக்க இயலாமற் போனால்? அதற்கு இரண்டு கட்டங்கள். ஒன்று, 'திருப்பி அனுப்புக.' இன்னொன்று, 'கைவிடுக.' இதை நினைவில் வைத்துக்கொள்.

அதன் பிறகு நான் தூக்கத்திலும் பார்சல் எண்ணைச் சொல்லும் அளவுக்குப் போனேன். காலையில் பல் துலக்குவதற்கு முன் போனில் அந்த எண்ணைத் தட்டுவேன். பார்சல் ஒரு ஊரில் நான்கு நாள் இருந்தது, இன்னொரு ஊரில் ஒன்பது நாள் இருந்தது, பிறகு முதல் ஊருக்கே திரும்பி வந்தது, எதையோ மறந்து வைத்துவிட்டு எடுக்க வந்தவர்கள் மாதிரி. காலேஜ் போகிற என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, உன் போர்வை என்னைவிட நிறைய ஊர் பாத்திருச்சும்மா. அடுத்த தடவை என்னை மடிச்சு அனுப்பு" என்றாள். விசாரணை எண்ணுக்குக் கூப்பிட்டால், என் அழைப்பு அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு பெண் குரல் நாற்பது நிமிடம் சொன்னது. அவ்வளவு முக்கியமாக என்னை இதுவரை யாரும் நினைத்ததில்லை என்பதால் வைக்கவும் மனம் வரவில்லை.

ஒருவழியாக அது உங்கள் ஊருக்கு வந்தபோது மேல்வீட்டம்மா கண் ஆபரேஷனுக்காக மகள் வீட்டுக்குப் போயிருந்தார். பகலில் நீயும் வேலைக்குப் போய்விடுவாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு முறை வந்து மணியடித்திருக்கிறார்கள். கதவில் ஒட்டிவிட்டுப் போன சீட்டு மழையிலோ காற்றிலோ போய்விட்டது. மூன்று வாரம் அங்கேயே ஒரு கிடங்கில் இருந்திருக்கிறது. பன்னிரண்டு நாளுக்கு முன் ஒரு காலை, எண்ணைத் தட்டினேன். 'பயணத்தில் உள்ளது' என்று இருந்த இடத்தில் 'கைவிடப்பட்டது' என்று இருந்தது.

நானும் இவரும் பார்சல் ஆபீசுக்கு ஓடினோம். அதே அம்மா. எங்கள் பாரத்தின் நகலைத் தேடி எடுத்து, கவுண்டரில் திருப்பி வைத்து, விரலால் தொட்டுக் காட்டினாள். 'கைவிடுக' கட்டத்துக்குள் கார்பன் மையில் ஒரு டிக், வாத்தியார் நல்ல பிள்ளைக்குப் போடுவது மாதிரி அழுத்தமாக.

"இதுல ஏம்மா டிக் போட்டீங்க?"

"யாரோ ஒருத்தர்கிட்ட போட்டுட்டுப் போகாம, உரியவங்க கையில விடச் சொல்ற கட்டம்னு நெனச்சிருப்பாருங்க" என்றேன்.

அந்த அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கைவிடுகன்னா கைவிடுறதுதாம்மா. வேணாம்னு விட்டுர்றது."

இவர் அந்த நகலைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். "நான்தான் போட்டிருப்பேன். இந்தப் பாரம் முழுக்க நான்தானே எழுதினேன்" என்றார். பிறகு, "அப்ப அது இப்ப எங்கங்க இருக்கும்?" என்று கேட்டார்.

"கழிச்சிருப்பாங்க சார்."

"கழிக்கிறதுன்னா?"

"ஏலம் விடுவாங்க. இல்லேன்னா எரிச்சிருவாங்க. அது அந்த ஊர்க்காரங்க இஷ்டம்."

என்ன செய்வது, அக்கா? கணக்குப் படித்தவர். எண்ணில் புள்ளி மாறினால் கண்டுபிடித்துவிடுவார், எழுத்தில் கோட்டை விட்டுவிடுவார். நான் மூன்று வருஷம் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தவள், என் வீட்டிலேயே இப்படி. பிரித்தால் ஒரு அர்த்தம், சேர்த்தால் ஒரு அர்த்தம். 'கையில் விடு' என்றால் கொடுப்பது, 'கைவிடு' என்றால் விட்டுப் போவது. நடுவில் இருக்கும் ஒரு 'இல்' செய்கிற வேலையைப் பார்.

அன்றிலிருந்து இவர் படும் பாட்டைக் கேள். காலையில் எனக்கு முன்பே எழுந்து காப்பி போட்டு வைக்கிறார். பாத்திரம் துலக்குகிறார். மிஷின் ஊசியில் நூல் கோத்து வைக்கிறார், ஒரே தடவையில் கோத்துவிடுகிறார், அதற்காகவே ஒரு பூதக்கண்ணாடி வாங்கியிருக்கிறார். அதே கண்ணாடியால் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் வாசிக்கிறார். தரை கழுவும் பாட்டிலில் உள்ள எறும்பு எழுத்தை முழுக்கப் படித்துவிட்டு, "இதுல எங்கயும் டிக் போட வேண்டியதில்லையே?" என்று மகளிடம் கேட்டார். அவள் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம்தான் அந்த ஐந்து சட்டைகளையும் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தார். சலவை செய்து, பொத்தான் போட்டு மடித்திருந்தார். "இதையெல்லாம் வெட்டிக்கோ. அவங்களுக்கு இன்னொண்ணு தச்சு அனுப்பிடலாம். நீலக் கட்டமும் ஒண்ணு இருக்கு, பாரு" என்றார். "என்னங்க இது, உயிரோட இருக்கிற மனுஷன் சட்டையை!" என்றேன். "இருந்தா என்ன, கட்டம் கட்டம்தானே?" என்றார். பிறகு மெதுவாக, "பையில வேணா கொஞ்சம் மை ஊத்திக்கலாம்" என்றார். நான் அடுப்பைப் பார்க்கும் சாக்கில் உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மேல்வீட்டம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. முந்தாநாள் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: "அவசரமில்லம்மா. மெதுவா வரட்டும். குளிர் இன்னும் ஆரம்பிக்கலை. ஆபரேஷன் ஆனதுல இப்ப கண்ணு நல்லாத் தெரியுது, வந்ததும் கறையைப் பாத்துடலாம்." இதற்கு என்ன பதில் எழுதுவது? ஒரு பூப்படம் அனுப்பினேன். அவரும் ஒரு பூ அனுப்பினார். எங்கோ முகம் தெரியாத ஒருவர் அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, இந்தப் பை எதற்கு என்று தெரியாமல் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சில சமயம் நினைத்துக்கொள்கிறேன். எரிந்துவிட்டது என்று நினைப்பதைவிட அது பரவாயில்லை.

ஆகவே நீதான் உதவ வேண்டும். நீ ஒருநாள் மாடிக்குப் போய், பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடு. இவர் அவசரத்தில் கட்டத்தை மாற்றிப் போட்டுவிட்டார், வேண்டுமென்று செய்யவில்லை, வார்த்தை அப்படி ஏமாற்றிவிட்டது என்று சொல். நீ சொன்னால் எடுபடும். இவர் நல்ல மனிதர் என்பதையும் நடுவில் எங்காவது சேர்த்துக்கொள்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் இருவரும் நன்றாகப் படித்து, எந்தப் பாரத்தையும் முழுக்க வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்களாக வளர என் ஆசிகள். உன் முழங்காலைப் பார்த்துக்கொள், மாடி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்.

என்றும் உன் அன்புத் தங்கை.

பின்குறிப்பு: எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். அந்த டிக்கை இவர் போடவில்லை. அன்றைக்கு அடையாள அட்டைக்கு நகல் எடுக்க இவர் எதிர்க்கடைக்குப் போயிருந்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள் என்று மீதிப் பாரத்தை நான் எழுதினேன். கைவிடுக. பார்த்த உடனே புரிந்துவிட்டது என்று நினைத்தேன். எவ்வளவு கவனமாக இருக்கிறோம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, பேனாவை அழுத்தி டிக் போட்டேன். இவர் என்ன நினைத்திருப்பார் என்பது எனக்கு எப்படி அவ்வளவு சட்டென்று தெரிந்தது என்று கவுண்டர் அம்மா யோசித்திருப்பாள். இவர் யோசிக்கவில்லை. "நான்தான்" என்று இவர் சொன்னபோது மறுத்துச் சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடி போனபின் ஒவ்வொரு நாளும் கஷ்டமாகிவிட்டது. காப்பி வேறு நன்றாக இருந்தது. இவர் ஆறரைக்கு வருவார். கை கால் கழுவி உட்காரட்டும். மேல்வீட்டம்மாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, இவர் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகுதான் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவேன். இந்த நிமிடம் வரை இது எனக்கு மட்டும்தான் தெரியும். நீ இதை வாசிக்கும்போது மேல்வீட்டம்மா அழுது முடித்திருப்பார், அல்லது முடித்திருக்க மாட்டார். எதுவானாலும் மேலே போய் அவரோடு கொஞ்ச நேரம் உட்கார். என்னைத் திட்டினார் என்றால், சமாதானம் சொல்லாதே. கூடச் சேர்ந்து திட்டு.